ஒற்றைக் கோடு

கோபாலபுரம் தாண்டினால் பலகையில் எழுத்து உருண்டுகொள்கிறது.
காற்று அதே கணவாய்க் காற்றுதான்,
ஆய்வகத்தின் தகரக் கதவை இரவெல்லாம் தட்டுகிறது.

இரண்டு பத்துக்கு
பதினாலாயிரம் லிட்டர் பாலோடு வந்து நின்று
திருமூர்த்தி ஹாரனை ஒரு முறை தொட்டார்.
சுலைகா டேங்கர் மேல் ஏறி, கலக்கி,
நூறு மில்லி கொண்டுவந்தாள்.
அதில் எனக்கு வேண்டியது நாலு சொட்டு.

பட்டையில் பால் ஊர்ந்தது. எட்டு நிமிடம்.
ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்
"ஒத்தக் கோடுதானுங்க? அப்ப ஒண்ணுமில்லீங்" என்றார்.
முகமெல்லாம் சிரிப்பு.

அவர் வாழ்க்கையில் பார்த்த பட்டைகள் இரண்டு.
ஒன்று, மனைவி குளியலறையிலிருந்து கொண்டுவந்து நீட்டியது.
இன்னொன்று, கொரோனாவில் மூக்கைக் குடைந்தது.
இரண்டிலும் இரட்டைக் கோடு என்றால் உண்டு.

இது தலைகீழ் அண்ணா.
பாலோடு ஓடுகிற எதிர்ப்பொருளுக்குக் கை காலியாக இருந்தால்
கோட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளும், கோடு சிவக்கும்.
வழியிலேயே பூஞ்சை விஷம் கைக்குள் வந்துவிட்டால்
கோட்டைக் கண்டும் காணாமல் போய்விடும்.
இல்லாத கோடுதான் சாட்சி.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆனாலும் எங்கள் பட்டை கொஞ்சம் பயந்தாங்கொள்ளி,
துளி நிழல் பட்டாலும் "உண்டு" என்று கத்தும்.
எவ்வளவு என்று கேட்டால் அதற்குத் தெரியாது.
அதைக் கேட்கத்தான் தொண்ணூற்றாறு குழித் தட்டு.

பொள்ளாச்சி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல என்று வையுங்கள்.
குழியின் அடியில் இருக்கைகள்.
கொழுப்பு வந்தால் உட்கார முடியாது, சர்க்கரைக்கும் பொருந்தாது,
இந்த ஒரு விஷத்தின் இடுப்பளவுக்கே செய்தவை.
பாலில் வந்தது ஒரு பக்கம் முண்டும்.
நிறம் உண்டாக்கும் சீட்டைக் குத்தி நான் அனுப்பும் அதே விஷம்
மறுபக்கம் முண்டும்.
பிறகு கழுவுவேன், மூன்று தடவை.
நின்றுகொண்டு வந்த கூட்டமெல்லாம் இறங்கிப்போகும்.
மிஞ்சியவர்களிடம் சீட்டைக் கேட்டால் நீலம்,
அமிலம் விட்டால் மஞ்சள்.
மஞ்சள் வெளுத்திருந்தால்
என் ஆட்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

தட்டு இருட்டில் ஊறிய நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.
பதினோரு சென்டர் பாலாம். எல்லாம் தெரிந்த சனங்களாம்.
"டேங்கர் இப்பத்தானுங்க. ஆடியில லோடு வண்டிதான்.
தீவன மில்லுக்குச் சோளம் அடிச்சேன்.
தார்ப்பாய் கிழிசல், நடுவழியில மழை.
நனைஞ்சதுன்னு மில்காரன் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கொறைச்சுட்டான்.
மூட்டையைத் திருப்பி அனுப்பலீங்க, நல்ல மனுசன்."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.
சோளம், மூட்டை, பூஞ்சை, மாடு, மடி, டேங்கர்
என்று கூட்டிப் பார்த்தது அறையில் நான் ஒருத்திதான்.
கூட்டியதைச் சொல்லவில்லை.
ஒரு மழைக்கு ஒரு வண்டி மட்டுமா நனைந்திருக்கும்?

நாலரைக்குக் கருவி எண்ணைத் துப்பியது.
லிட்டருக்கு 0.46 மைக்ரோகிராம்.
0.5 வரை சட்டம் விடும்.
இன்னொரு தடவை ஓட்டினேன். 0.47.

சுலைகா சீல் அடித்து மலையாளத்தில் கையெழுத்திட்டாள்.
கேட் உயர்ந்தது.
திருமூர்த்தி மூன்று டீ வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்,
எனக்கு மட்டும் பால் தூக்கலாக.

பட்டையைப் பதிவேட்டில் ஒட்டினேன்.
கோடு வந்திருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
சென்டர்களின் பெயரைப் பதினொன்றும் கீழே எழுதி,
ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி வேண்டும் என்று குறித்தேன்.
டீயின் நிறம் ரொம்பவே வெளுப்பு.
குடித்தேன்.
வெளியே அடுத்த ஹாரன்.