ஒன்பதாம் பாடத்தில் ஒரு பனிவண்டி

வக்கீல் கீலி கேட்டார்:
"உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

முதலில் கோட்டுகளைச் சொன்னேன்.
செயின்ட் ஜான்ஸில், என் வீட்டுத் துணி அலமாரிக்குள்
ஏழு குளிர்கோட்டுகளுக்கு நடுவே முக்காலி போட்டு
மூன்று குளிர்காலம் பேசிப் பதிந்தது.
கம்பளி எதிரொலியைத் தின்றுவிடும்.
முடிதிருத்துவோருக்கான கணக்குப் பாடம்,
பதினான்கு பாகம், எழுபது டாலர்.

கோட்டுகள் சாட்சி சொல்லாது என்றார்.

பிறகு ஒன்பதாம் பாடத்தைப் போட்டுக் காட்டினேன்.
தேய்மானம் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
நாற்காலி வாங்கிய விலையை ஐந்தால் வகுங்கள் என்கிறேன்,
தெருவில் பனியகற்றும் வண்டி
இரும்பைத் தரையில் உரசிக்கொண்டு வருகிறது.
அது போகும்வரை பேசாமல் இருக்கிறேன்.

அடுத்து அவனுடையது.
டெல்வின் ரஸ்க், யூமா, அரிசோனா.
மழையே விருந்தாளியாக வந்துபோகும் ஊர்.
தலைப்பை மாற்றியிருக்கிறான்,
என் குரலை எதிலோ போட்டு ஆண்குரலாக்கியிருக்கிறான்.
நாற்காலி. ஐந்து. வகுங்கள்.
அந்தப் பாலைவனத்தின் நடுவே
என் பனிவண்டி போகிறது.
ஆண்குரலும் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது.

கீலி சிரித்துவிட்டார்.
(அந்தச் சிரிப்பும் மணிக்கணக்கில் பில்லில் வரும்.)
"வேறு ஏதாவது?"

சொல்ல நாக்கு கூசியது.
ஆறாம் பாடத்தில் ஒரு தப்பு இருக்கிறது.
ஒரு நாள் வரவு:
முடிவெட்டு மூன்று, நூற்று முப்பத்தைந்து.
சாயம் ஒன்று, நூற்றிருபது.
தாடி ஏழு, நூற்று இருபத்தாறு.
மொத்தம் 381 வரவேண்டும்.
318 என்று போட்டிருக்கிறேன்.
அவனும் 318.
கூட்டிக்கூடப் பார்க்காமல் தூக்கியிருக்கிறான்.

"பிரமாதம்!" என்றார் கீலி.
இருபத்திரண்டு வருடக் கணக்கு வேலையில்
என் தப்பை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை.

நோட்டீஸின் முதல் வரைவு நான் எழுதியது.
திருடன் என்பதை அடித்தார்.
வெட்கம் என்பதை அடித்தார்.
அவன் அம்மாவைப் பற்றிய வாக்கியத்தை
இரண்டு முறை அடித்தார்.
"கோபத்தை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுங்கள்."
மிஞ்சியது இவ்வளவுதான்:
இப்பாடங்கள் என் கட்சிக்காரர் திருமதி வெர்னா டிசார்ட் ஆக்கியவை.
பத்து நாளுக்குள் நீக்கவும்.
இனி இவ்வாறு செய்யாதிருக்கவும்.
நீக்கியதை எழுத்தில் தெரிவிக்கவும்.
தவறினால்

தவறினால் என்பதற்குப் பிறகு வருவதற்கு
என்னிடம் பணம் இல்லை.
கீலிக்குத் தெரியும்.
யூமாவுக்குத் தெரியக்கூடாது.
அதற்குத்தான் அவ்வளவு கெட்டியான தாள்.

ஒன்பதாம் நாள் அவன் பக்கம் காணாமல் போனது.
பதில் இல்லை, மன்னிப்பு இல்லை.
ஜெயித்தவளுக்குக் காட்டப்பட்டது
வெள்ளையாக ஒரு திரை.
வாசலில் பனி அள்ளப் போனேன்.

பதினோராம் நாள் ஒரு கடிதம்,
ரொசெண்டா கிஹானோ என்ற பெண்ணிடமிருந்து.
யூமாவில் ஒரு சலூனில்
ஒற்றை நாற்காலியை வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம்.
"மூடிய பக்கத்தில் உங்கள் பெயர் போட்டிருந்தது.
நாற்பது டாலர் கட்டியிருந்தேன்.
ஆறாம் பாடத்தில் நின்றுபோய்விட்டது.
அப்புறம், அந்த 318.
நான்கு தடவை கூட்டினேன்.
எனக்குத்தான் கணக்கு வராது என்று
இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை."

அதைப் படித்த இரவு கோட்டுகளுக்குள் போய் உட்கார்ந்து
ஆறாம் பாடத்தைப் புதிதாகப் பேசினேன்.
முந்நூற்று எண்பத்தொன்று.
இன்னொரு தடவை, மெதுவாக:
முந்நூற்று எண்பத்தொன்று.
மீதிப் பாடங்களை அவளுக்குத் திறந்துவிட்டேன்,
பணம் கேட்கலாமா என்று
கால்மணி நேரம் யோசித்த பிறகு.

கீலியிடம் சொல்லவில்லை.
அத்தாட்சியில் பாதியை
என் கையாலேயே திருத்திவிட்டேன்.
இனி எவனாவது எடுத்தால்
என் பக்கம் பேச
அந்த வண்டி மட்டும்தான்.