நான்காம் தாள்

நிபால்தோவின் கதை
பதினோரு தாளாக வந்தது.
ஏழாம் தாளில் டயர் கடைக் கறுப்பு,
பெருவிரல் ரேகை அப்படியே.
ஏதோ அடிக்குறிப்பு என்று நினைத்து
கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

புன்டா அரேனாஸில் அன்று பேய்க்காற்று.
தெருமுனையில் கயிறு கட்டியிருந்தார்கள்,
பிடித்துக்கொண்டு கடப்பதற்கு.
வெளியே போக முடியாத நாள்
படிப்பதற்கு நல்ல நாள்.

நன்றாக இருக்கிறது
என்று சொல்லி முடித்திருக்கலாம்.
அந்தச் சொல் எனக்கும் நிறையக் கிடைத்திருக்கிறது.
பையில் கனக்கும், எந்தக் கடையிலும் செல்லாது.

இவன் அப்படிச் சொல்பவனில்லை.
போன குளிர்காலத்தில் என் கதையைப் படித்துவிட்டு
"உன் ஆட்கள் யாருக்கும் பசிக்கவே பசிக்காதா?"
என்று கேட்டான்.
நாலு நாள் நான் பேசவில்லை.
ஐந்தாம் நாள் என் நாயகிக்கு
ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன்.
எழுந்து நடந்துவிட்டாள்.

அந்தக் கடன் இருந்தது.
சிவப்பு மை வேண்டாமென்று பென்சில் எடுத்தேன்.
பென்சிலை அழிக்கலாம்.
அழித்தாலும் தாளில் பள்ளம் இருக்கும் என்பது
பிறகுதான் உறைத்தது.

எழுதினேன்:
துக்கம் என்ற சொல் ஆறு இடத்தில் இருக்கிறது.
ஒன்று போதும்.
யோசித்தால் அந்த ஒன்றும் வேண்டாம்.
இந்தக் கணவன் ஆட்டு ரோமம் வெட்டுகிறவன்,
ஏன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பேசுகிறான்?
நான்காம் தாளில்
டிக்கெட் கொடுக்கும் எர்மிந்தா
சில்லறையை இரண்டாம் முறை எண்ணுகிறாளே,
அங்கே எனக்கு மூச்சு நின்றது.
அதைத் தொட்டுவிடாதே.
கதவு அதுதான்.
அதற்கு முந்திய மூன்று தாளும்
வாசலில் நின்று செருப்பைத் தேய்ப்பது.

அவன் எதிர்த்துப் பேசவில்லை.
சரி என்றான்.
இன்னொரு சரி.
எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.
எட்டுத் தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்தான்.
முதல் மூன்றை என் மேசையிலேயே
விட்டுவிட்டுப் போனான்.
மறதியா கோபமா,
முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புதிய பிரதி.
சுத்தமான தாள், ரேகை இல்லை.
சில்லறை எண்ணுவதில் தொடங்கி
ஓடுகிறது கதை,
போர்வெனிருக்குப் போகும் படகைப் போல
கரையைத் திரும்பிப் பார்க்காமல்.
துக்கம் எங்குமே இல்லை,
எல்லா வரியிலும் இருக்கிறது.
கணவன் இரண்டே வார்த்தை பேசிவிட்டுப்
படகேறிப் போகிறான்.

ஆனால் நாயைக் காணோம்.

அந்த முதல் மூன்று தாளில் ஒரு நாய் இருந்தது.
செம்பட்டை, ஒரு காது கிழிந்தது.
மாலைப் படகில் வந்திறங்கும்
ஒவ்வொரு லாரியின் டயரையும் முகர்ந்து பார்த்து
இல்லையென்று திரும்பும்.
நாயை வெட்டு என்று நான் எழுதவில்லை.
மூன்று தாளை வெட்டு என்றேன்,
அது உள்ளே இருந்தது.

கடைசித் தாளில் எர்மிந்தா
கவுண்டரைப் பூட்டுகிறாள்.
குழாயடியில் ஒரு கிண்ணத்தைக் கழுவிக்
கவிழ்த்து வைக்கிறாள்,
காற்று கொண்டுபோகாதபடி மேலே ஒரு கல்.
யாருடைய கிண்ணம்?
கதை சொல்லவில்லை.
எனக்குத் தொண்டை அடைத்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன்,
கிண்ணத்தை ஏன் விட்டுவைத்தாய்?
கந்தல் துணியில் கை துடைத்தான்.
"கிண்ணத்தைப் பற்றி
நீ ஒன்றும் எழுதவில்லையே."

வேண்டுமென்றே வைத்ததா, விட்டுப்போனதா
என்று அதற்குமேல் கேட்கவில்லை.
கேட்டால் பதிலொன்று வரும்,
அதன் பிறகு கதையை அந்தப் பதில்தான் படிக்கும்.

இதற்கு நான் உதவமாட்டேன், நிபால்தோ.
நாயை நான் பார்த்துவிட்டேன்.
அந்தக் கிண்ணம் உன் எழுத்தால் கனக்கிறதா
என் ஞாபகத்தால் கனக்கிறதா,
எடைபோட என்னிடம் தராசு இல்லை.
ரொட்டிக்கடை எலியெசெரிடம் கொடு,
ராத்திரி அடுப்படியில் படிக்கிறவன்.
ஒன்றும் சொல்லாமல் கொடு.
கிண்ணம் எதற்கு என்று கேட்டால் எடுத்துவிடு.
கேட்காமல் மாவுக்கையோடு கொஞ்ச நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தால்
அப்படியே இருக்கட்டும்.

கயிற்றைப் பிடித்து வீடு வந்தேன்.
மேசை இழுப்பறையில் அந்த மூன்று தாள்.
அவன் இன்னும் கேட்கவில்லை.
இரண்டாம் தாளில்
படகு கரை தொடுகிறது,
ஒரு லாரி இறங்குகிறது.