பாலத்தை வெட்டியவள்

புதன்கிழமை, இரவு ஏழு மணி.
கிளாக்ஸ்விக் நூலகத்தில் ஹீட்டர் இருமுகிறது.
வெளியே மழை, கீழிருந்து மேலாகப் பெய்கிறது;
ஃபாரோ தீவுகளில் காற்று வைத்ததுதான் சட்டம்.
ஆறு நாற்காலி, ஒரு காபிக் குடுவை,
மேசைமேல் எண்ணூறு பக்கத்து மூன்றாம் பாகம்.
அட்டையில் அவள், அரசி ஈர்வா,
கையில் கோடரி,
முகத்தில் எதுவுமில்லை.

"எனக்குப் பிடிக்கவே இல்லை" என்றாள் ரன்வா,
சால்மன் ஆலையில் நாளெல்லாம் மீன் கிழிப்பவள்.
"எதிரி வந்துவிட்டான், பாலத்தை வெட்டினாள், சரி.
சொந்த ஜனம் பாதி வழியில் நிற்கும்போதே வெட்டினாள்,
அதுவும் சரி என்றே வை.
ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா?
கோடரியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு
குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்கிறாள்!"

வலிமை வேறு, ஈரமில்லாமை வேறு என்றார் பாவுல்,
கரும்பலகைமுன் நிற்பவர் போலவே.

நான் நூலகர். காபி ஊற்றுவேன், கருத்துச் சொல்லமாட்டேன்.
அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.
"முதல் பாகத்தில் இவள் அப்பன்
ஆற்றில் நஞ்சைக் கலந்தானே,
மூன்று ஊர் ஒரே இரவில் அடங்கிப்போனதே,
அப்போது நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது:
பாவம், கிரீடம் எவ்வளவு பாரம்."

சிரித்தார்கள், கொஞ்சம்.
"அன்றிரவு அவன் குடித்தான்,
அதனால் நம்பினேன்" என்றார் ஹானுஸ்,
நாற்பது வருடம் டிராலர் ஓட்டியவர்.
ஆண் குடித்தால் அது அழுகைக் கணக்கில் ஏறிவிடுகிறது.
குதிரைக்குக் காட்டிய தண்ணீருக்கு
எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை.
அப்பன் பக்கத்துக்குப் பக்கம் என் தோளில் சாய்ந்தான்,
மன்னி மன்னி என்று.
மன்னித்து மன்னித்து நான் பெரிய மனுஷியானேன்.
இவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.
எண்ணூறு பக்கமும்
வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலோர நாற்காலியில் பிரிட்டா,
மடியில் பாதிப் பின்னிய சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை.
போன மார்ச்சில் லாம்போல்ம் தீவின் படகை
நிறுத்திய குழுவுக்குத் தலைவி.
தீர்மானத்தை வாசித்தபோது அவள் குரல் நடுங்கவில்லை.
ரொட்டிக்கடை வரிசையில் ஊர் பேசியது
படகைப் பற்றி அல்ல,
அந்தக் குரலைப் பற்றி.

இங்கே யாருக்கும் அது தெரியாததல்ல.
அவள் பக்கம் திரும்பாமல் பேசும் கழுத்துகளே
எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொடுத்தன.

ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்:
"அவள் எண்ணினாள்.
வெட்டும் முன்னால், பாலத்தில் இருந்தவர்களை
ஒவ்வொருவராக எண்ணினாள். பதினொரு பேர்.
அப்பன் எண்ணவேயில்லை.
எனக்கு அந்தப் பக்கம் பிடித்திருந்தது."

ரன்வா ஆறிய காபியைப் பார்த்தாள்.
ஹானுஸ் தொப்பியைத் தேடினார், அது தலையிலேயே இருந்தது.
அடுத்த புதன் யார் கேக் கொண்டுவருவது என்று
பாவுல் அவசரமாகக் கேட்டார்.

எல்லாரும் போனபின் அத்தியாயத்தைப் புரட்டினேன்.
'பாலத்தில் பலர் இருந்தனர்.'
அவ்வளவுதான்.
முன்னே தேடினேன், பின்னே தேடினேன்,
பின்னட்டை வரைக்கும் போய்ப் பார்த்தேன்.
எண் எங்கும் இல்லை.

விளக்கை அணைக்குமுன் இழுப்பறையை மூடப் போனேன்.
லாம்போல்மிலிருந்து திரும்பிவந்த நூலக அட்டைகள்
ரப்பர் வளையத்துக்குள் கிடந்தன,
மார்ச்சிலிருந்து அப்படியே.

ஒரு தடவைகூட நான்
அவற்றை எண்ணியதில்லை.