ஏழாம் கட்டம்

ஜாதகத்தில் ஏழாம் கட்டம் கல்யாணத்துக்கு.
எங்கள் கல்லூரியின் டி.சி. விண்ணப்பத்தில்
அது நான்.

நூலகப் பாக்கி இல்லை, விடுதிப் பாக்கி இல்லை,
ஆய்வகத்தில் எதையும் உடைக்கவில்லை
என்று ஆறு கையெழுத்து வாங்கிய பிறகு
ஏழாவதற்கு என் அறைக்கு வர வேண்டும்.
மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம்.
இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி,
கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும்
பள்ளிப்பட்டுத் தறிச் சத்தம்.

அந்தக் கட்டத்தை வாங்க நாலு வருடம் ஆனது.
"உடைந்த பியூரெட்டுக்குக் கணக்குக் கேட்கிறோம்,
பிள்ளைக்குக் கேட்க வேண்டாமா?" என்றேன்.
முதல்வர் சிரித்தார். அடுத்தவர் சிரிக்கவில்லை.
மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார்,
வேறு ஏதோ கோப்பு என்று நினைத்து.

கட்டம் வருமுன் போனவன் லோகநாதம்.
நகரியிலிருந்து வருவான்,
தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதிப் படிப்பான்.
வராந்தாவில் எதிர்ப்பட்டான், கையில் சான்றிதழ்.
"வஸ்தானு மேடம்."
நம்மைப் போலவே அவர்களும்
போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.
எட்டாம் நாள் செய்தித்தாளின் மூலையில்
அவன் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

ஏன் போகிறாய் என்று கேட்டால்
வீட்டில் பிரச்சினை என்பார்கள், முடிந்தது.
எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்பேன்.
அத்திமாஞ்சேரிப்பேட்டை முதல் வண்டி என்றால்
ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிவிட்டு நேரே வகுப்பு.
எட்டு மணி வண்டி என்றால்
தங்கச்சியைப் பள்ளியில் விட்டுவிட்டு.
பஸ்ஸா, நடந்துதான் மேடம் என்றால்
கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

கன்னியம்மாள் தலைவலி என்றாள்.
கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு
ஐந்து முறை போய்த் திரும்பிய தலைவலி.
இருளர் என்பதற்கு அப்பாவின் பள்ளிச் சான்று வேண்டுமாம்.
அப்பா பள்ளிக்கூடத்துக்குள் போனது ஒரே தடவை,
பாம்பு பிடிக்க.
வியாழக்கிழமை மனநல மருத்துவரிடம்
இதற்கு மாத்திரை இல்லை.
ஆறாம் முறை நானும் அவளோடு ஏறினேன்.
ஏழாம் முறையும். எட்டாம் முறையும்.

மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு வேறு தொல்லை.
ஆதாரில் சித்தூர் மாவட்டம் இருந்தால்
திருத்தணி மருந்து ஜன்னல் உதட்டைப் பிதுக்கும்.
தூங்கி இருபது நாளான ஒரு பெண்ணுக்கு
எல்லைக்கல்லின் எந்தப் பக்கம் தூக்கம் வரவில்லை
என்று எழுதிக் கொடுக்காத குறை.
எழுதியே கொடுத்தேன்: இரண்டு பக்கமும்.

முப்பத்தொரு வருடம்.
கிழித்துப் போடச் சொல்லிப் பிள்ளைகள் தந்துபோன
விண்ணப்பங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய.
கையெழுத்துப் போட்டு அனுப்பியவை அதைவிட அதிகம்.
சிலருக்குப் போவதுதான் நல்லது.
சிலருக்கு எது நல்லது என்று
இன்றும் தெரியாது.

இன்று கடைசி நாள்.
சால்வை, குரூப் போட்டோ, கைகழுவ இடமில்லாத கேக்.
போன திங்கள் முதல் எல்லாம் இணையவழி,
பொத்தானை அமுக்கினால் சான்றிதழ் வந்துவிடும்.
அதில் ஆறு கட்டம்.
பியூரெட் இருக்கிறது.

சாவி கொடுக்க அலுவலகம் போனேன்.
ஜன்னலில் ஒரு பையன், நகக்கண்ணில் நீலச் சாயம்.
உள்ளே எழுத்தர் முனிரத்தினம்,
நாலு வருடமும் என் கட்டத்துக்கு எதிராகக்
குறிப்பு எழுதியவர்.
தம்பியைப் பற்றி ஒருமுறை சொல்ல வந்து
பாதியில் டீ குடிக்கப் போய்விட்டவர்.

"பிரின்டர்ல மை இல்லப்பா, அரை மணி ஆகும்.
படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு,
ஃபேன் ஓடும், போய் உட்காரு."

நேற்றுத்தான் மை மாற்றினார்கள்.
நான் பார்த்தேன்.

சாவியைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டேன்.
என் வண்டி ஐந்தே காலுக்கு.
அவனுடையது எதுவென்று கேட்க வேண்டும்.