ஏழு ஆள், ஒரு வழி

முதல் வரைபடம் கல்யாணப் பத்திரிகையின் முதுகில்.
யுகேஷின் காம்பஸ் கால் உடைந்திருந்தது.
தோசைக்கல்லைக் கவிழ்த்து வட்டம் போட்டேன்.
கரி ஒட்டி
பாதி கிரகணமாய் வந்தது.

ஆடிக் காற்று சாய்த்த வாகை
மோட்டார் ரூம் மேல் கிடந்தது.
மர மில்லில் விறகு விலைக்குக் கேட்டார்கள்.
தோப்பில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை, என்றேன்.
வட்டமாக. பெஞ்சும் அதோடு சேர்ந்தே.
இவர் சிரித்தார்: சதுரமென்றால் பலகை மிச்சம்.
மிச்சம் பிடித்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

கொப்பரை அள்ளிய பிறகு களம் காலி.
நடுவில் ஆணி, ஆணியில் கயிறு,
கயிற்று நுனியில் சாக்பீஸ்.
இருபத்தேழு அங்குலத்தில் மேசை விளிம்பு,
மூன்றங்குலம் விட்டுப் பெஞ்சு.
சுற்றளவை எட்டால் வகுத்தால்
ஆளுக்கு இருபத்தொரு அங்குலம்.
மாமனாருக்குத் தாராளம். கொழுந்தனாருக்குப் போதாது.
கணக்கு யார் இடுப்பையும் பார்ப்பதில்லை.

ஆளுக்கொரு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைத்தேன். ஏழு.
வட்டத்துக்குத் தலைமாடு கிடையாது,
எல்லாரும் சமம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தது.
கோட்டுக்கு வெளியே வந்து நின்றதும் தெரிந்தது:
சமையலறைப் பக்கத்துக் கொட்டாங்குச்சி நான்.
எப்படித் திருப்பி வைத்தாலும்
வீட்டுக்குக் கிட்டத்தில் ஒன்று
இருக்கத்தான் செய்கிறது.

பத்ரசாமி வந்தார், ஸ்கூட்டரில்
ரம்பத்தைக் குழந்தை மாதிரி முன்னால் நிறுத்திக்கொண்டு.
"நாலு பெஞ்சாப் பிரிச்சுப் போட்டறலாங்க்கா.
நாலு பக்கமும் வழி.
ஆரு வேணும்னாலும் எந்திரிச்சுப் போய்க்கலாம்."

ஒரே பெஞ்சு, என்றேன். ஒரே வழி.
எட்டில் ஒரு பங்கு வெட்டிய வளையல்.
வாய் வீட்டைப் பார்த்து.

களத்தை ஒரு சுற்று வந்தார்.
கோடியில் கவிழ்ந்திருந்ததைக் கால்விரலால் தொட்டார்.
"அக்கட்டால உக்கார்றவங்க எந்திரிக்கோணும்னா
எந்தப் பக்கமானாலும்
மூணு பேரை எழுப்போணுமுங்க்கா."
"ஆமாங்."
"சோத்துல கைய வெச்சுட்டு
மூணு பேரு எந்திரிப்பாங்களாங்?"
"மாட்டாங்க."
"அப்பறம் அங்க ஆருங் உக்கார்றது?"

சாக்பீஸ் தூள் காற்றில் கொஞ்சம் நகர்ந்தது.
நான் சொல்லவில்லை.
டேப்பை இழுத்தார், விட்டார்.
பிறகு அந்தக் கொட்டாங்குச்சிக்கு அடியில்
தானாகவே ஒரு கால் கூடுதலாக வரைந்தார்.
"கனம் அங்கதான விழுகும்," என்றார்.
கூலியில் அதைச் சேர்க்கவில்லை.

நடுவில் குடைக்கு ஓட்டை வேண்டாம் என்றிருந்தேன்.
போட்டுவிட்டார்.
இப்போது அதில் வேப்பங்கொட்டை விழுந்து மாட்டிக்கொள்கிறது.

புரட்டாசியின் இரண்டாம் ஞாயிறு.
அரிசிம்பருப்பு, கத்திரிக்காய், தயிர்
எல்லாம் முன்கூட்டியே மேசை மேல்.
நான்தான் முதலில் நுழைந்தேன், கோடி வரைக்கும்.
அடுத்து என் ஓரம்படி சுகந்தி.
அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை;
வரைபடம் படிக்கத் தெரிந்தவள்.
பிள்ளைகள், மாமனார், கொழுந்தனார்.
வாயருகே இவர்.

தண்ணீர்ச் சொம்பு வரவில்லை.
யாரும் கேட்கவில்லை. ஐந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.
சுகந்தி திருமூர்த்தி மலையைப் பார்த்தாள்.
இடப்பக்கம் மூன்று பேரை எண்ணினேன்.
வலப்பக்கமும் எண்ணினேன்,
தெரியாதது போல.

இவர் எழுந்தார்.

தண்ணீரோடு வந்தவரை மாமனார் உப்புக்கு அனுப்பினார்.
எங்கே இருக்கு என்று உள்ளிருந்து ஒரு கத்தல்.
அடுப்புக்கு இடப்பக்கம், நீல மூடி, என்று நான் கத்தினேன்.
சர்க்கரையோடு வந்து நின்றார்.
பச்சை மூடி. எனக்கே மறந்திருக்கிறது.
மறுபடி போனார்.

வாகைப் பலகை இன்னும் முழுக்கக் காயவில்லை.
முழங்கையில் ஒரு சிலாம்பு ஏறியது.
ஊசி வீட்டுக்குள் இருக்கிறது.
இருக்கட்டும்.