பன்னிரண்டரை அடி

அகலம் பன்னிரண்டரை அடி, நீளம் ஐம்பது.
ஓடாத ரயில்பெட்டி ஒன்றில்
ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம்.
முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி ஜன்னல்,
நடுவில் என் அறை.
அங்கே பகல் என்பது ஸ்விட்சைத் தட்டினால் வருவது.
ரங்கூனில் இப்போது ஸ்விட்சும்
நாலு மணி நேரத்துக்கு மேல் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

அண்ணன் தம்பி வாடகைத் தகராறில்
ஏழு வருஷத்துக்கு முன் எழுந்தது இந்த இரட்டைப் பிளைவுட்.
தரையிலிருந்து கூரைவரை.
முன்பக்கக் காற்று அவர்களுக்கு,
பின்பக்கக் குழாய் எங்களுக்கு.
ஓரமாக ஒரு நடை, பொதுவில்.
ஓரகத்தி என்ற சொல்லுக்குள்ளேயே
ஓர் அகம் இருக்கிறது;
அதையும் சேர்த்துத்தான் ஆணி அடித்தார்கள்.

தஞ்ஞான் தண்ணீர்த் திருநாளுக்கு முந்தின வாரம்
தாங்க முடியாத தலைவலி.
டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்,
சீட்டில் எழுதப் போனவர் நிறுத்தி
"எந்த அறையில் தூங்குறீங்க?" என்றார்.
அதுவரை யாரும் கேட்டதில்லை.

தச்சன் கோ சோ லின் வந்தான்.
நூற்றிநாலு படி ஏறிய மூச்சு அடங்க
வெற்றிலை ஒன்று போட்டுக்கொண்டான்.
ஊதுபத்தி கொளுத்தி என் அறை நடுவில் பிடித்தான்.
புகை அசையவில்லை, கோயில் தூண் மாதிரி நின்றது.
"இங்கே காற்று செத்துப்போச்சு" என்றான் பர்மியத்தில்.
மேலே இரண்டடி அறுத்தான்.
மரத்தூள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது.

அன்று ராத்திரி ஆற்றுக் காற்று
அவர்கள் கொசுவலையைத் தாண்டி
என் நெற்றிக்கு வந்தது.
கூடவே ஙாப்பி வாசம், மூத்தார் குறட்டை,
பிறகு ஒரு மணிக்கு, அவள் குரல்.

மகாச்சாயில் மீன் தொழிற்சாலை.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து மகன் கூப்பிடுகிற நேரம்.
"சாப்பிட்டேன்டா. கரண்டு இருக்கு.
சித்தி தினமும் உன்னை விசாரிக்குது.
நேத்துகூட மொச்சைக் கொழம்பு கொடுத்துச்சு."

நான் கொடுக்கவில்லை.
ஏழு வருஷமாக அந்த நடையில்
பல்லி போலச் சுவரோடு ஒட்டி வழிவிடுவதைத் தவிர
நான் அவளுக்கு எதுவும் கொடுத்ததில்லை.
நல்ல காற்று.
தூக்கம் வரவில்லை.

மறுநாள் மொச்சை ஊறப்போட்டேன்.
அதற்கடுத்த நாள் கிண்ணத்தோடு போனேன்.
கதவைத் திறந்த தையல்நாயகியிடம்
"உங்க மணிக்கயிறு நைஞ்சிருக்கு, மாத்துங்க"
என்று சொல்லிவிட்டு
கிண்ணத்தோடே திரும்பி வந்தேன்.
பால்கனியிலிருந்து தெருவரை தொங்குமே,
கீழே பேப்பர்காரன் இழுத்தால்
மேலே மணி அடிக்குமே, அந்தக் கயிறு.
ஆறு மாடிக்குக் கீழே நிற்கிறவனோடு பேச
வழி வைத்திருக்கிற ஊர் இது.

என் புருஷன் சொல்கிறார்:
அந்த இரண்டடிக்கும் கண்ணாடி போட்டுடலாம்,
வெளிச்சம் வரும், சத்தம் வராது.
கோ சோ லின் விலைகூடச் சொல்லிவிட்டான்.
வேண்டாம் என்றேன்.
மறுபடி தலைவலி வரும் என்றேன்.
குழம்பை அவரே சாப்பிட்டார், உப்புக் குறைவு என்றார்.

நேற்று மணி ஒன்று.
பேட்டரி விசிறி கடகடத்தது; நிறுத்தினேன்.
வியர்வை கழுத்தில் இறங்கியது.
காற்றுக்காக அறுத்த இடத்தின் கீழே
காற்றில்லாமல் படுத்திருந்தேன்.
அந்தப் பக்கம் போன் அதிர்ந்தது,
பாய் நகர்ந்தது,
வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சொன்னாள்:

"மெதுவாப் பேசுடா.
மேல திறந்திருக்கு.
சித்தி தூங்குது."