புழுக்கம் கூடினால் படம் வரும்

கேபிள்கார ஹம்சா மூன்றாம் தேதி வருவார்,
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார்.
அறுபது திர்ஹம்.
ஆறு கட்டில், தலைக்குப் பத்து.
தாசையனுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை;
அவன் பத்தை நாங்கள் ஐவரும் இரண்டிரண்டாய்ப் போட்டோம்.
அடுத்து உதுமான் கனிக்கும் நின்றது.
தலைக்குப் பதினைந்து என்று கணக்கு வந்த அன்று
பூவலிங்கம்தான் சொன்னான்,
"வயரைக் கழற்றிக்கோங்க இக்கா."
கழற்றினார்.
ஆணியை மட்டும் சுவரில் விட்டுப் போனார்.

ராஸ் அல் கைமா, நக்கீல்.
மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.

முதல் வாரம் கஃபெடீரியா.
ஒரு சுலைமானிக்கு இருபது ஓவர்.
பதினைந்தாவது ஓவரில் கப்பை எடுக்க வரும் பையனிடம்
இன்னும் இருக்கிறதென்று
காலிக் கப்பைப் பொத்திக்கொள்வார் மரியவியாகுலம்.
அடுத்த வாரம் எதிர் ஃபிளாட் ஜன்னல்.
பெஷாவர்க்காரர்களின் டிவியில் பாதி எங்களுக்குத் தெரியும்;
மீதிப் பாதியைத் திரைச்சீலை பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் ஏசி மெக்கானிக்.
செத்த கண்டென்சரில் உருவிய செம்புக் குழாயை
மீன்முள்ளாய் வளைத்து
துடைப்பக் கட்டையில் கட்டித்
தண்ணீர்த் தொட்டி மேல் நிறுத்தினேன்.
மலைப்பக்கம் திருப்பினால் ஒட்டகப் பந்தயம்.
கடல்பக்கம் திருப்பினால்
எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம், அவ்வளவுதான்.

ஆகஸ்டு வந்தது.
பிழிந்து காயப்போட்ட சட்டை
காற்றிலிருந்தே மறுபடி நனைந்தது.
அன்று ராத்திரி பத்தேகாலுக்கு
அந்தப் பொரிச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் மேலேறியது,
குளத்தில் முங்கி எழுந்தவள் போல.
கறுப்பு முக்காடு. பேச்சு பார்சி.
அக்கரையிலிருந்து
ஈரக்காற்றைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்,
விசா இல்லாமல்.

ஏதோ தொடர்.
ஒரு டாக்டர், அவர் மனைவி,
எந்நேரமும் மாதுளை உரிக்கிற மாமியார்.
ஒரு சொல் புரியவில்லை.
பூவலிங்கம் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று
குரல் கொடுக்க ஆரம்பித்தான்.
டாக்டருக்கு அவன் வைத்த பேர் கந்தப்பழம்.
மாமியார் வாயசைத்தால்
"சம்பளம் போடத் துப்பில்ல, மாதுளை ஒரு கேடா!"
தாசையனின் பற்களை
அந்தக் கோடையில் அன்றுதான் பார்த்தோம்.

பிறகு எங்களுக்கு வானிலை வேறாகிப் போனது.
வேலையிடத்தில் எல்லாரும் புழுக்கத்தைத் திட்டினால்
மன்னார் இராசநாயகம்
"நல்லதுதான், இண்டைக்குத் தெளிவா வரும்" என்பார்.
திட்டியவர்கள் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு ராத்திரி
டாக்டரின் மனைவி பெட்டி அடுக்கினாள்.
ஒவ்வொரு துணியாய் மடித்தாள்,
மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.
கதவைப் பார்த்து நெடுநேரம் வாயசைத்தாள்.
பூவலிங்கம் பேசவில்லை.
"என்னடா சொல்றா?"
"தெரியல."
"எப்பவும் தெரியாமத்தான சொன்னே?"
"இது தெரியும்ணே. அதான்."
லைட்டைப் போட யாரும் எழவில்லை.
அவன் மனைவியின் போன் வந்து எத்தனை நாளாயிற்று என்று
அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபரில் காற்று வறண்டது.
படம் ஒரு கண்ணாய், அரை மாதுளையாய்க் கரைந்து
பழையபடி அப்பளம்.

கோர்ட்டில் தாசையனுக்குக் காசு வந்தது, முழுசாக இல்லை.
ஹம்சா அதே ஆணியில் வயரை மாட்டினார்.
நம் மொழியில் ஏழு சேனல்,
எல்லாச் சொல்லும் புரிகிறது.
பத்து மணிக்கே தூங்கிவிடுகிறோம்.

பழைய இரும்புக்காரன் செம்பை எடைக்குக் கேட்டான்.
தரவில்லை.
அவள் போயிருப்பாள் என்கிறார் மரியவியாகுலம்.
கந்தப்பழம் பின்னாலேயே ஓடியிருப்பார்,
ஒரு செருப்போடு, என்கிறான் தாசையன்.
பூவலிங்கம் எதுவும் சொல்வதில்லை.
ஜூலை பிறந்ததிலிருந்து
சாப்பிட்ட கையோடு மொட்டைமாடி ஏறி
தொட்டிப் பக்கம் நின்று
உள்ளங்கையைக் காற்றில் நீட்டி
ஈரம் பார்த்துவிட்டு இறங்குகிறான்.